பாசத்துக்குப் பல்வலி தெரியுமா?



அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு அவர்களைக் காப்பது பெற்றோரின் பாசமா, முறையான மருத்துவமா என்பது தலைப்பு. "தாய்ப்பாசத்துக்கு மேல ஒரு மருந்து உண்டா?" என்று எதிரணித் தலைவி கேட்டார்கள். நீங்க கைதட்டுனீங்க. நானும் தட்டினேன். ஆனா ஐயா, பாசத்துக்குப் பல்வலி தெரியுமா?

எனக்குச் சொந்த ஊர் அலங்காநல்லூர். தை மாதம் ஜல்லிக்கட்டில், வாடிவாசலுக்குப் போகும் முன்னே ஒவ்வொரு காளையையும் கால்நடை மருத்துவர் பார்த்தாகணும். வாயில்லா ஜீவன் சொல்லாது, நாமதான் பார்க்கணும் என்கிற நியாயம்!

அதே ஊரில் என் பெரியம்மா மகன், எனக்குத் தம்பி முறை. வயசு முப்பத்திரண்டு. பேச்சு நாலைந்து வார்த்தைதான். ஒருநாள் திடீர்னு தன் கன்னத்திலே தானே அறைஞ்சுக்கிட்டான். சோத்துத் தட்டைத் தூக்கி எறிஞ்சான். பெரியம்மா, "அமாவாசை நெருங்குதுப்பா" என்றார். கோடாங்கி வந்து உடுக்கை அடித்தார். (சிரிப்பு) சிரிக்காதீங்க. படித்த டாக்டர் ஒருத்தரும் வாயைத் திறந்து பார்க்காமல் தூக்க மாத்திரைதான் கொடுத்தார். மூணு வாரம் கழித்து ஒரு நர்சம்மா டார்ச் அடித்துப் பார்த்தாங்க. கடைவாய்ப் பல்லில் சீழ்! பல்லைப் பிடுங்கினதும் ரெண்டு நாளில் பிள்ளை பழையபடி ஆயிட்டான். பெரியம்மா அழுதாங்க: "வலிக்குதுன்னுதானடா அறைஞ்சு அறைஞ்சு சொல்லியிருக்க!"

'அவன் குணமே அப்படி' என்று முடிவு கட்டினால், உள்ளே இருக்கிற நோய் மறைந்துபோகும். காதுவலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் எல்லாமே கோபமாக வெளியே வரலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவு அதிகம் வரும். நாம 'சோம்பேறி' என்போம். மறதி நோயும் அவர்களுக்குச் சீக்கிரமே வரும்.

இங்கிலாந்தில் இப்படிப்பட்டவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 20 ஆண்டு முன்னதாகவே இறக்கிறார்கள். தடுத்திருக்கக்கூடிய சாவுகள் அதில் நிறைய. அதனால் அங்கே 14 வயது முதல் ஆண்டுக்கொருமுறை முழு உடல் பரிசோதனை செய்கிறார்கள்.

மனசு மட்டும் என்ன? அப்பா இறந்தபோது, "அவனுக்கு என்ன தெரியும்" என்று தம்பியைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிட்டோம். திரும்பி வந்து மாசக்கணக்கில் திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்த்தான். துக்கம் அவனுக்கும் உண்டய்யா! மனச்சோர்வு அவர்களுக்கும் வரும், சிகிச்சையால் குணமும் ஆகும். கட்டிப்போடுவது வைத்தியம் ஆகாது. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியையே தடை செய்துவிட்டது.

தாய்மார்களே, ஒரு நோட்டுப் போடுங்க. என்ன சாப்பிட்டான், எப்படித் தூங்கினான், வலிப்பு வந்ததா, வலித்தால் என்ன செய்வான், என்ன மாத்திரை என்று எழுதுங்க. குணம் மாறினால் முதலில் பல், காது, வயிறு பார்க்கச் சொல்லுங்க. ஊசி போடும் முன் அவனிடமே சொல்லிட்டுப் போடச் சொல்லுங்க. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, தயங்காம போங்க. 18 வயது முடிந்தவருக்குச் சட்டப்படி பாதுகாவலர் வேண்டுமானால், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்கலாம்.

பெரியம்மாவுக்கு இப்போ எழுபதாகிறது. "எனக்கப்புறம் இவனுக்கு யாருப்பா?" என்கிறார். பாசம் அவரோடு போய்விடும் ஐயா. அந்த நோட்டும், அதைப் படித்துப் பார்க்கிற மருத்துவரும்தான் அவனுக்கு மிஞ்சும். ஆகவே மருத்துவமே, மருத்துவமே!