டைனோசருக்குள் ஒரு மனிதன்

பறவைகளை நீக்கிப் பார்த்தால், இரண்டு கால்களால் நடக்கும் பிராணிகள் உலகத்தில் மிகச் சிலவே. மனிதன் அவற்றுள் ஒருவன், மாமிசபட்சிணிகளான டைனோசர்கள் இன்னொரு வகை. ஆகையால் யானை வேஷத்துக்கும் எருது வேஷத்துக்கும் வேண்டியதுபோல் முன்னங்காலுக்கு ஓர் ஆள், பின்னங்காலுக்கு ஓர் ஆள் என்று தேடவேண்டிய சங்கடம் டைனோசர் வேஷத்தில் இல்லை, ஓர் ஆளே போதும், அதைப்போல் சுலபமான வேஷம் வேறில்லை என்று இத்தொழிலை அறியாதவர் நினைப்பது இயல்பு. அறிந்தவர்களோ அந்த இரண்டு கால்களே தங்களுக்கு வாய்த்த பெரிய தலைவலி என்பார்கள்.

மனிதனுடைய முதுகெலும்பு செங்குத்தாக நிற்கிறது. சரீரத்தின் பாரம் இடுப்பு, முழங்கால், குதிகால் என்று நேராகக் கீழே இறங்கிப் பூமியைச் சேர்கிறது. டைனோசரின் முதுகெலும்போ தரைக்குச் சமாந்தரமாகக் கிடக்க, இடுப்புக்கு முன்னே கனத்த தலையும் மார்பும், பின்னே அதற்கு ஈடுகொடுக்கும் நீண்ட வாலும் அமைந்து, நடுவில் இரண்டு கால்கள் அவ்வளவையும் சுமக்கின்றன. காலும் நம்முடைய கால் மாதிரி இல்லை. அது பின்னோக்கி மடங்குவதாகத் தோன்றும் இடத்தை முழங்கால் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது கணுக்கால். மெய்யான முழங்கால் தொடைச் சதைக்குள் மேலே முன்னோக்கி மடங்கிக் கிடக்க, குதிகால் தரையில் படாமல் விரல்களை மட்டும் ஊன்றி அப்பிராணி நடக்கிறது. சந்தேகமுள்ளவர்கள் முற்றத்தில் மேயும் கோழியின் காலைக் கவனித்தால் போதும். பறவைகள் டைனோசர் வம்சத்தில் வந்தவை என்பது இன்று விஞ்ஞானிகள் பெரும்பாலும் ஒப்புக்கொண்ட விஷயம்.

ஒரு காலத்தில் இந்தச் சங்கடமே இல்லாதிருந்தது. நியூயார்க் இயற்கை வரலாற்று மியூசியத்தில் 1915ஆம் ஆண்டில் டைரனோசாரஸின் எலும்புக்கூட்டைப் பூட்டி நிறுத்தியபோது, அது மனிதனைப்போல் நிமிர்ந்து நின்று, வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு திரிந்த ஜந்து என்றே பண்டிதர்கள் கருதினார்கள். ஜப்பானிய டோஹோ கம்பெனியார் 1954இல் காட்ஸில்லா படத்தை எடுத்தபோது, அந்தக் கற்பனைப் பிராணியின் உருவத்துக்கு டைரனோசாரஸ் போன்ற டைனோசர்களின் சித்திரங்களையே ஆதாரமாகக் கொண்டார்கள். ஆகவே அதுவும் நிமிர்ந்தே நின்றது, உள்ளே ஹருவோ நகாஜிமா என்ற நடிகராலும் வசதியாக இல்லாவிட்டாலும் நேராக நிற்க முடிந்தது. ஏறக்குறைய நூறு கிலோ எடையுள்ள அந்த ரப்பர் உடையை அணிந்து நடப்பதற்கு முன், அவர் மிருகக்காட்சி சாலைக்குச் சென்று யானையும் கரடியும் அடியெடுத்து வைக்கும் விதத்தை நாட்கணக்கில் அவதானித்தாராம். வேஷத்தைவிட நடையே பெரிது என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

பிறகு விஞ்ஞானம் மாறிற்று. ஜான் ஆஸ்ட்ரம் என்ற புதைபடிவ ஆராய்ச்சியாளர் 1969இல் டைனோனிகஸ் என்ற வேட்டைப் பிராணியை வர்ணித்து, அது வாலை விறைப்பாக நீட்டி முதுகைக் கிடையாக வைத்துப் பாய்ந்து ஓடக்கூடியது என்று காட்டினார். அவருடைய சீடர் ராபர்ட் பேக்கர் அக்கருத்தைப் பொதுஜனங்களிடையே பரப்பினார். டைனோசர்களின் காலடித் தடங்களில் வால் இழுபட்ட கோடு அபூர்வமாகவே தென்படுகிறது என்பதும் அதற்கு அரண் செய்தது. 1990களில் நியூயார்க் எலும்புக்கூட்டையே கழற்றிக் குனிந்த நிலையில் திரும்பப் பூட்டினார்கள். டைனோசரின் முதுகு இப்படிப் படுக்கவே, உள்ளே நின்றுகொண்டிருந்த மனிதனுக்கு இடமில்லாமல் போயிற்று.

மனிதனையும் குனியவைப்பது ஒரு வழி. 1993இல் வெளிவந்த ஜுராசிக் பார்க் படத்தில், சமையலறைக்குள் குழந்தைகளைத் தேடிவரும் வெலாசிராப்டரைக் காட்டும் சில காட்சிகளில், சினிமாப் பிராணிகளைச் செய்த ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறையைச் சேர்ந்த ஜான் ரோஸன்கிராண்ட் இடுப்பை வளைத்து, பனிச்சறுக்கு விளையாடுபவரைப்போல் முழங்காலை மடக்கி, அந்த உடைக்குள் இருந்தார். அரை மணிக்கு மேல் அந்த நிலையில் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது. சினிமாவில் அது போதும். நாலு விநாடி எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும் அரங்கத்தில், "சற்று இருங்கள், முதுகை நிமிர்த்திக்கொள்கிறேன்" என்று டைனோசர் சொல்ல முடியுமா?

இதற்கு நல்லதொரு விடையை ஆஸ்திரேலியர்கள் கண்டார்கள். பி.பி.சி. 1999இல் ஒளிபரப்பிய வாக்கிங் வித் டைனோசர்ஸ் என்ற தொலைக்காட்சித் தொடரை அரங்க நிகழ்ச்சியாக்க வேண்டும் என்ற முயற்சியில், மெல்போர்னில் ஸானி டில்டர்ஸ் என்பவரின் தலைமையில் கைவினைஞர்களும் பொறியியலாளர்களும் கூடி உழைத்து, 2007ஆம் ஆண்டு ஜனவரியில் சிட்னியில் அதை முதன்முதலாக மேடையேற்றினார்கள். யூட்டாராப்டர், லிலியன்ஸ்டர்னஸ், டைரனோசாரஸ் குட்டி ஆகிய சிறிய உருவங்களுக்குள் மனிதர்கள் இருந்தார்கள். மனிதன் நிமிர்ந்தே நிற்கிறான். பிராணியின் உடல் அவன் இடுப்பிலும் தோளிலும் தாங்கிய சட்டத்தின்மேல் கிடையாக அமர்கிறது. அவனுடைய கால்கள், பிராணியின் கால்களோடு இணைந்து, வெளியே பார்வைக்குத் தெரிந்தபடியே நடக்கின்றன.

இந்த இடத்தில் நம் பொய்க்கால் குதிரையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதிலும் மனிதன் நிமிர்ந்து நிற்கிறான், குதிரை உடல் அவன் இடுப்பைச் சுற்றிக் கிடையாக நிற்கிறது. ஆனால் குதிரைக்குக் கால்களே வைக்காமல் பட்டுத்துணியைத் தொங்கவிட்டு நம்மவர்கள் சாமர்த்தியமாகத் தப்பித்துக்கொண்டார்கள். டைனோசர்க்காரருக்கு அந்தத் திரை கிடையாது. அவர் விற்கும் சரக்கே அந்தக் காலும் அதன் நடையும்தான்.

அந்த நடையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வேஷக்காரரின் காலோடு பிராணியின் கால் பூட்டப்பட்டிருக்கிறது. அவர் காலை ஊன்றும்போது விரல்கள் தரையில் விரிய வேண்டும். தூக்கும்போது அவை ஒருங்கே தொங்கி மடிய வேண்டும். இந்தச் சிறு மடிப்பு இல்லையானால் பலகையைக் கட்டிக்கொண்டு நடப்பதாகவே தோன்றும். முன்னே தலை இழுக்கும் பாரத்தைப் பின்னே வால் சரிக்கட்டுகிறது. ஆகவே வால் வெறும் அலங்காரமன்று, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அது செய்த அதே உத்தியோகத்தை இப்போதும் செய்கிறது. வேஷக்காரர் திரும்பும்போது வால் சற்றுத் தாமதித்துத் திரும்பி, பிறகு அவரையும் தன்னோடு இழுக்கப் பார்க்கும். புதியவர்கள் நிலைதடுமாறுவது இங்கேதான். கைகள் இரண்டும் கழுத்தை அசைக்கும் பிடிகளில் இருக்கின்றன. சைக்கிள் பிரேக்கைப்போல் அழுத்தினால் கம்பி இழுபட்டு வாய் திறக்கும், இமை மூடும். உடையின் எடை இருபது கிலோவுக்குக் குறைவதில்லை.

தோலின் கதை இன்னும் சுவையானது. நுரைரப்பரைச் செதுக்கி உடலாக வைத்தால், மூட்டு மடங்கும்போது அது மெத்தையைப்போல் கண்ட இடத்தில் மடிந்து உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். மெல்போர்ன்காரர்கள், நீளக்கூடிய வலைப் பைகளில் தெர்மோகோல் மணிகளை அடைத்து, தசை எங்கே உண்டோ அங்கே அந்தப் பைகளைக் கட்டி, மேலே இழுபடும் லைக்ரா துணியைப் போர்த்தி வர்ணம் பூசினார்கள். கால் நீளும்போது பை நீண்டு மெலிகிறது, மடங்கும்போது திரண்டு பருக்கிறது. தோலுக்கடியில் சதை உருள்வதாகப் பார்ப்பவர் கண் தானே முடிவுகட்டிவிடுகிறது.

அதே நிகழ்ச்சியில் வந்த பெரிய உருவங்களுக்கு மனிதன் உள்ளே நிற்பது போதாது. பதினொரு மீட்டர் உயரமுள்ள பிராக்கியோசாரஸின் கால்களுக்கிடையே, தரையின் நிறத்தில் வர்ணமடித்த ஒரு வண்டி ஊர்கிறது. அதை ஒருவர் ஓட்டுகிறார். அரங்கின் மேல்வரிசையில் அமர்ந்த இருவர் தூரத்திலிருந்தே மற்றவற்றை இயக்குகிறார்கள். அவர்களில் ஒருவர், பிராணியின் கழுத்தையும் வாலையும்போல் மூட்டுமூட்டாகச் செய்த ஒரு சிறு கருவியைக் கையால் வளைத்தால், கீழே உள்ள பிரமாண்டமான உடலும் அப்படியே வளைகிறது. ஆனால் கை அசைகிற வேகத்தில் அது அசைந்தால் பொம்மை என்பது வெளிப்பட்டுவிடும். மெல்லப் புறப்பட்டு மெல்ல நிற்பதில்தான் டன் கணக்கான எடை கண்ணுக்குத் தெரிகிறது.

சீனாவில் டைனோசர் எலும்புகளுக்கும் விளக்குத் திருவிழாவுக்கும் பேர்போன ட்ஸிகோங் நகரில் இவ்வுடைகளைச் செய்வது இன்று பெரிய தொழிலாகிவிட்டது. வணிக வளாகங்களில் குழந்தைகளைத் துரத்தும் டைனோசர்கள் பல அங்கே பிறந்தவை. தலையில் சிறிய காமிரா, உள்ளே திரை, காற்றாடி, ஒலிபெருக்கி என்று சௌகரியங்களுக்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. உடையை வாடகைக்கு எடுப்பவர் நடையை எடுப்பதில்லை. நேற்று சேர்ந்த பையன் அதை மாட்டிக்கொண்டு குடுகுடுவென்று ஓடினால், எவ்வளவு விலையுயர்ந்த ரப்பரும் ரப்பராகவே நிற்கிறது. ஓயாத கர்ஜனையும் அப்படித்தான். டைனோசர் எப்படிக் குரல் கொடுத்தது என்பதற்கு நேரடிச் சாட்சியம் இல்லை. அதன் உறவினங்களான முதலைகளையும் தீக்கோழியையும் கொண்டு, வாயை மூடியபடி ஆழ்ந்த முழக்கமிட்டிருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள். ஆனால் டிக்கெட் வாங்கியவருக்குக் கர்ஜனை வேண்டும்.

இப்போது இத்தொழிலுக்குப் புதியதொரு விவகாரம் வந்திருக்கிறது. சீனாவின் லியாவோனிங் பகுதியில் 1996 முதல் கிடைத்துவரும் புதைபடிவங்களால், சிறிய மாமிசபட்சிணிகள் பலவற்றுக்கு இறகு அல்லது இறகு போன்ற ரோமம் இருந்தது தெளிவாகிவிட்டது. யூட்டாராப்டரைச் செதில் தோலோடு நிறுத்துவது இனி விஷயமறிந்த சிறுவர்களிடம் செல்லாது. இறகு ஒட்டுவதில் வேஷக்காரருக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு: தொடையிலிருந்து தொங்கும் நீண்ட இறகுகள், இத்தனை காலம் ஒளிக்க இடமில்லாதிருந்த மனிதக் கால்களைப் பாதியாவது மறைத்துவிடும், அதற்கு ஈடாக, ஏற்கெனவே வியர்வையில் நனைகிறவரின்மேல் இன்னொரு போர்வை வந்து சேரும். கால்கள் தெரிந்தாலும் தெரியட்டும், மனிதன் மயங்கி விழாமல் ஆட்டத்தை முடித்தால் போதும் என்று கழுத்திலும் முதுகிலும் மட்டும் இறகு வைத்து நிறுத்திக்கொள்வதே எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.