பசியும் வளர்ச்சியும்: மீனின் உடலில் இயக்குநீர்கள்

1905ஆம் ஆண்டு இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவொன்றில் எர்னஸ்டு ஸ்டார்லிங் என்னும் உடலியல் அறிஞர் ‘ஹார்மோன்’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். தூண்டி எழுப்புதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. தமிழில் நாம் அதனை இயக்குநீர் என்கிறோம். மீனின் பசியையும் வளர்ச்சியையும் இவ்வியக்குநீர்கள் எவ்வாறு இணைக்கின்றன என்பதை இங்குக் காண்போம்.

மூளையின் அடிப்பகுதியில் அமைந்த பிட்யூட்டரிச் சுரப்பி வளர்ச்சி இயக்குநீரைச் சுரக்கிறது. குருதி வழியே அது கல்லீரலை அடைந்ததும், கல்லீரல் ‘ஐ.ஜி.எஃப்-1’ எனப்படும் வளர்ச்சிக் காரணியை உண்டாக்குகிறது. தசையையும் எலும்பையும் வளரச் செய்வதில் இக்காரணிக்குப் பெரும் பங்குண்டு. குருதியில் இதன் அளவு மிகும்போது பிட்யூட்டரி தன் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. இவ்வாறு வளர்ச்சி அளவோடு நிகழ்கிறது.

பசிக்கும் தனி இயக்குநீர்கள் உண்டு. 1999ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர்கள் எலியின் இரைப்பையில் கிரெலினைக் கண்டறிந்தனர். பின்னர் அது மீன்களிலும் காணப்பட்டது. பிட்யூட்டரியைத் தூண்டி வளர்ச்சி இயக்குநீரை வெளிவிடச் செய்யும் கிரெலின், தங்கமீனில் பசியையும் மிகுவிக்கிறது. ஆனால், வானவில் டிரவுட் மீனில் நடந்த ஆய்வில் அதுவே உண்ணும் அளவைக் குறைத்தது. பசியை அடக்கும் லெப்டின் பாலூட்டிகளில் கொழுப்புத் திசுவில் மிகுதியாக உருவாகிறது. மீன்கள் பலவற்றிலோ கல்லீரலே அதன் முதன்மை இடம். எனவே, ஓர் உயிரினத்தில் கண்டதை ஆராயாமல் மற்றோர் உயிரினத்திற்கும் பொருத்திவிடுதல் கூடாது.

இனி, பட்டினி கிடக்கும் மீனைக் கருதுவோம். வளர்ச்சி நின்றுவிட்டதால் வளர்ச்சி இயக்குநீரும் குறைந்திருக்கும் என்றே மாணவர் எண்ணுவர். சால்மன், டிரவுட் ஆகிய மீன்களில் அது குறைவதற்கு மாறாகக் கூடுகிறது! உணவில்லாத கல்லீரல் அதன் ஏவலுக்குச் செவிசாய்ப்பதில்லை, ஆகவே ஐ.ஜி.எஃப்-1 குறைந்து வளர்ச்சி தடைப்படுகிறது. மிகுந்து நிற்கும் இயக்குநீர் சேமித்த கொழுப்பைக் கரைத்து உயிர் காக்க உதவுகிறது. உணவு மிக்க காலத்தில் உடலை வளர்க்கும் அதே இயக்குநீர், வறுமைக் காலத்தில் உடலைத் தாங்குகிறது.

இவ்வறிவு மீன் வளர்ப்புக்கு இன்றியமையாதது. சால்மன் வகைகளில் வளர்ச்சி இயக்குநீர் மரபணுவைக் கூடுதலாகப் புகுத்திய ஆய்வாளர்கள், அம்மீன்கள் விரைந்து வளர்வதைக் கண்டனர். அவற்றின் பசியும் உடன் பெருகியது. கொன்றுண்ணும் மீன் அருகில் இருப்பினும் இரை தேடத் துணிந்தன. வளர்ச்சியை மட்டும் தனியே பிரித்துக் கூட்ட இயலவில்லை. இத்தகைய சால்மன் ஒன்றை உணவாகப் பயன்படுத்த அமெரிக்கா 2015ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது.

நம் சந்தைகளில் காணும் திலாப்பியாவும் இவ்வுறவை விளக்கும். பெண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் அடைகாக்கும் நாள்களில் பெரும்பாலும் இரை கொள்வதில்லை. பெண் மீன்கள் ஆண் மீன்களைவிட மெல்ல வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். பண்ணைகளில் தீவனச் செலவே பெரிது. மீனின் பசியறியாது இடும் தீவனம் உண்ணப்படாமல் அழுகி, நீரின் உயிர்வளியைக் குறைத்து, மீனுக்கே கேடாய் முடிகிறது.

ஆதலால், வகுப்பறையில் வளர்ச்சி இயக்குநீரைப் பற்றிப் பேசும்போது, அதன் அளவு எவ்வளவு என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. மீன் உண்டதா, அதன் கல்லீரல் அவ்வேவலை ஏற்றதா என்னும் வினாக்களையும் மாணவர் எழுப்புமாறு பயிற்றுவித்தல் வேண்டும்.