885: ஒரு மாய எண்ணைக் கலைத்த காமா கதிர்

நாம் உண்ணும் கீரையில் இருக்கும் மக்னீசியத்தின் அணுக்கருவில் புரோட்டான்கள் 12. நியூட்ரான்கள் 12, 13 அல்லது 14. அதற்கு மேல் ஏறினால் நிலைக்காது. 20 நியூட்ரான்களைச் சுமக்கும் மக்னீசியம்-32இன் அரை ஆயுட்காலம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. இந்த அற்பாயுள் அணுக்கருதான் அணுக்கரு இயற்பியலின் அடிப்படை நம்பிக்கை ஒன்றை அசைத்தது.

2, 8, 20, 28, 50, 82, 126 ஆகியவை மாய எண்கள். புரோட்டான்களோ நியூட்ரான்களோ இந்த எண்ணிக்கையில் இருந்தால் ஓர் ஆற்றல் கூடு நிரம்பிவிடும். கரு உருண்டையாக, உறுதியாக இருக்கும். மரியா கோப்பர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் 1949இல் இதற்குத் தந்த விளக்கம் 1963இல் நோபல் பரிசு பெற்றது. ஆனால் அவர்கள் முன்னால் இருந்தவை பெரும்பாலும் நிலையான, அல்லது அவற்றை ஒட்டிய அணுக்கருக்கள்.

கூடு நிரம்பிய கருவைக் கிளர்த்துவது கடினம். கிளர்ந்த கரு அடங்கும்போது காமா கதிரை வெளியிடும். அதன் ஆற்றலை அளந்தால் கூடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு பெரிது என்று ஊகிக்கலாம். நியூட்ரான்களை 20 என்றே வைத்துக்கொண்டு புரோட்டான்களை மட்டும் குறைத்துப் பாருங்கள். தற்சுழற்சி எண் 2 உள்ள முதல் நிலையின் ஆற்றல், கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில், கால்சியம்-40க்கு 3904, கந்தகம்-36க்கு 3291, சிலிக்கான்-34க்கு 3326. இன்னும் இரண்டே புரோட்டான்களை எடுத்தால் மக்னீசியம்-32. அங்கே வெறும் 885!

ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் யுரேனியத்தைப் புரோட்டான்களால் தாக்கிச் சோடியம் ஐசோடோப்புகளைப் பிரித்தெடுத்தார்கள். சோடியம்-31, 32 ஆகியவை எதிர்பார்த்ததைவிட இறுக்கமாகப் பிணைந்திருப்பதை 1975இல் கேத்தரீன் திபோ குழு கண்டது. சோடியம்-32 சிதைந்தால் மக்னீசியம்-32 பிறக்கும். அதில் எழுந்த 885 காமா கதிரை 1979இல் கிளாட் டெட்ராஸ் குழு அறிவித்தது.

இத்தகைய கதிர்களைத் துல்லியமாக அளக்க ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகம் வேண்டும். 885 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் முழுவதும் அதற்குள் அடங்கினால் ஏறத்தாழ மூன்று லட்சம் எலெக்ட்ரான்கள் விடுபடும். அந்த மின்துடிப்பின் அளவுதான் கதிரின் ஆற்றல். வெப்பத்தாலேயே எலெக்ட்ரான்கள் கிளம்பிக் கணக்கைக் குழப்பும் என்பதால், திரவ நைட்ரஜனைக் கொண்டு படிகத்தைக் குளிர்விப்பார்கள். அந்தத் திரவத்தின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். நல்ல படிகம் இரண்டு கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வித்தியாசத்தைக்கூடப் பிரித்துக் காட்டும்.

1995இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் மோட்டோபயாஷி குழு வேறு வழியில் போனது. ஒளியின் வேகத்தில் சுமார் 30 சதவீதத்தில் பாயும் மக்னீசியம்-32ஐ ஈயத்தின் மேல் செலுத்தினார்கள். ஈய அணுக்கருவின் மின்புலம் பக்கத்தில் போகும் கருவைக் கிளர்த்திவிடும். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உச்சமாகக் கேட்பதுபோல, பாயும் கருவின் காமா கதிரும் முன்பக்கக் கருவிகளில் ஆற்றல் கூடியே பதியும். கருவி இருக்கும் கோணத்தை வைத்து அதைத் திருத்த வேண்டும். 885 கதிர் அடிக்கடி எழுந்தது. கரு உருண்டையாக இல்லை, நீண்டு கிடக்கிறது என்பதற்கு அது வலுவான சான்று.

ஏன் இப்படி? ஒட்சுகா என்ற ஜப்பானியக் கோட்பாட்டாளரின் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. புரோட்டானும் நியூட்ரானும் ஒன்றையொன்று இழுப்பது, எவை எந்தச் சுற்றுப்பாதையில் உள்ளன என்பதைப் பொறுத்தது. சில புரோட்டான்கள் போனதும், அவை கீழே பிடித்துவைத்திருந்த நியூட்ரான் பாதை மேலே எழுகிறது, இடைவெளி சுருங்குகிறது, நியூட்ரான்கள் ஜோடியாகத் தாவி அடுத்த கூட்டுக்குள் நுழைகின்றன. இப்படி வரிசை புரண்ட அணுக்கருக்கள், புரோட்டான்-நியூட்ரான் எண்ணிக்கைப்படி வரைந்த வரைபடத்தில் ஒரே இடத்தில் திரண்டிருக்கின்றன. 1990இல் வார்பர்ட்டன், பெக்கர், பிரவுன் மூவரும் அந்தப் பகுதியைத் 'தலைகீழ்த் தீவு' என்றார்கள்.

கலைவது மட்டுமல்ல, புதிய எண்களும் தோன்றுகின்றன. 34 நியூட்ரான்கள் கொண்ட கால்சியம்-54இல் 2043 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிர் 2013இல் ரிக்கெனில் பதிவானது. 34 அங்கே மாய எண்ணாக நடந்துகொள்கிறது. 8 புரோட்டான், 20 நியூட்ரான் என இரட்டை மாய எண் கொண்ட ஆக்சிஜன்-28ஐயும் அதே ஆய்வகம் உருவாக்கி 2023இல் வெளியிட்டது. இரண்டு மாய எண்கள் இருந்தும் அது நான்கு நியூட்ரான்களை உதிர்த்துவிட்டு உடனே ஆக்சிஜன்-24 ஆகிவிட்டது.