அணைக்கு நீர், குருவிக்குக் கரை

கோடையில் வற்றிய ஏரிப்பக்கம் நடந்தால் ஆள்காட்டிக் குருவி நம் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கூச்சல் போடுவதைத் தோழியர் பலர் கண்டிருப்பீர்கள். அருகில் எங்கோ, கூழாங்கற்களுக்கு இடையே, அதன் நான்கு முட்டைகள் கிடக்கின்றன என்பதே அக்கூச்சலின் பொருள். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. தரையில் ஒரு சிறு பள்ளம், அவ்வளவே. இப்படித் தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு நாய், நரி, காகம் ஆகியவற்றோடு இன்னொரு பகையும் உண்டு. அது நீர். மனிதன் தேக்கி வைக்கும் நீர் ஒரு சிறு பறவைக்கு எவ்வாறு இடையூறாகிறது என்பதை, ஆள்காட்டியின் உறவுப் பறவை ஒன்று வாழும் அமெரிக்க நாட்டு மிசௌரி ஆற்றில் காண்போம்.

மிசௌரி ஆறு ராக்கி மலைத்தொடரில் தோன்றி, ஏறத்தாழ 3,770 கிலோமீட்டர் ஓடி, மிசிசிப்பி ஆற்றில் கலக்கிறது. 1943-ஆம் ஆண்டு அது கரைபுரண்டு பெருஞ்சேதம் விளைத்தது. மறு ஆண்டே அந்நாட்டில் வெள்ளத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் எழுந்த அணைகளுள் ஒன்றுதான் வடக்கு டகோட்டா மாநிலத்தில் 1953-இல் கட்டி முடிக்கப்பட்ட காரிசன் அணை. அதன் பின்னே தேங்கிய ஏரி 280 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. நம் மேட்டூர் அணையைப்போல் பத்து மடங்குக்கும் அதிகமான நீர் அதில் கொள்ளும். ஏரிக்கு இட்ட பெயர் சகாகவீயா. 1805-இல் லூயிஸ், கிளார்க் என்பவர்களின் ஆய்வுக் குழுவோடு கைக்குழந்தையைச் சுமந்தபடி மேற்கே சென்ற பழங்குடிப் பெண் அவள். அப்போது அவளுக்கு நம் பள்ளியின் மேல்வகுப்பு மாணவியரின் வயதுதான்!

பெயர் வைத்தது அழகுதான். ஆனால், பழங்குடியினரின் நிலத்தில் 1,52,000 ஏக்கர் அளவு இவ்வேரிக்காக எடுக்கப்பட்டது. எல்போவுட்ஸ் என்ற அவர்களது ஊர் நீருக்குள் போயிற்று. 1948-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வேளையில் பழங்குடித் தலைவர் ஜார்ஜ் ஜில்லட் கண்களை மூடிக்கொண்டு அழும் புகைப்படம் இன்றும் பார்ப்பவர் நெஞ்சை உருக்குகிறது. ஆகவே, இந்த அணையால் இடம் இழந்தவர்களில் குருவி முதலாவது அல்ல என்பதை நாம் மறக்கலாகாது.

அக்குருவியின் பெயர் பைப்பிங் புளோவர். நம் கடற்கரைகளில் காணும் உப்புக்கொத்தியின் இனத்தைச் சேர்ந்தது. காய்ந்த மணலின் நிறம்; கழுத்தில் ஒரு கறுப்புப் பட்டை; எடையோ 50 கிராம் அளவுதான். குழலை மெல்ல ஊதினாற்போன்ற குரலால் இப்பெயர் பெற்றது. அணைகள் வருமுன் ஆற்று நடுவே வெள்ளம் ஒதுக்கிய மணல் திட்டுகளில் இது முட்டையிட்டு வந்தது. அணைகள் வெள்ளத்தைக் கட்டியதும் புதுத் திட்டுகள் உண்டாவது குறைந்தது. பழைய திட்டுகளில் புல்லும் புதரும் மண்டின. புல் மண்டிய இடத்தில் பகைவர் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் இப்பறவை அங்கே கால் வைப்பதில்லை. 1985-இல் இது சட்டப் பாதுகாப்புக்குரிய உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இடம் தேடிய பறவைக்கு ஏரியின் கரை கண்ணில் பட்டது. குளிர்காலம் முழுவதும் மின்சாரத்துக்காக நீர் விட்டதால், ஏப்ரலில் ஏரி இறங்கி, வெறுங்கரை அகலமாகத் தெரியும். கூழாங்கல்லும் மணலும் கலந்த அருமையான இடம்! பறவை மே மாதத்தில் நான்கு முட்டைகள் இடும். அடைகாக்க நான்கு வாரம். குஞ்சு பறக்க மேலும் மூன்று, நான்கு வாரம். ஆக, இரண்டு மாதம் அந்தக் கரை காய்ந்திருக்க வேண்டும். ஆனால், ராக்கி மலைப் பனி உருகி அணைக்கு வந்து சேர்வதும் அதே மே, ஜூன் மாதங்களில்தான். ஏரி நாள்தோறும் ஏறி, ஜூலை வாக்கில் உச்சத்தை எட்டுகிறது. முட்டையின்மேல் அமர்ந்திருக்கும் தாய்க்கு இது எப்படித் தெரியும்? அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையினர் இவ்வேரியில் கூடுகளைக் கண்காணித்து 2012-இல் வெளியிட்ட கட்டுரையில், இக்கரையைப் பறவைக்கு அமைந்த ஒரு பொறி என்றே கூறினர்.

அப்படியானால் ஏரியை நிரப்பாமல் விடலாமே என்று எங்களுள் சிலர் கேட்டோம். 2000-க்குப் பின் வந்த நெடிய வறட்சியில் அது தானாகவே நடந்தது. 2005 மே மாதத்தில் ஏரி வழக்கமான மட்டத்தைவிட ஏறத்தாழ 30 அடி இறங்கியது. பறவைகளுக்குக் கொண்டாட்டம்! கரையோர மக்களோ, இறங்கிய நீரைத் துரத்திக்கொண்டு படகுத்துறைகளை நீட்டினார்கள், குடிநீருக்கே கவலைப்பட்டார்கள். 'குருவிக்காக மனிதர் தாகத்தோடு இருப்பதா?' என்று எங்களுள் மற்றவர்கள் கேட்டபோது, பறவையின் கட்சியினரான எங்களால் உடனே வாய் திறக்க முடியவில்லை.

இவ்வழக்கு உண்மையான நீதிமன்றத்துக்கே போயிற்று. 2003 கோடையில், பறவைகளுக்காக அணைகளுக்குக் கீழே ஆற்றில் விடும் நீரைக் குறைக்குமாறு வாஷிங்டன் நீதிமன்றம் ஒன்று ஆணையிட்டது. சரக்குப் படகுகள் செல்லப் போதிய நீர் விட வேண்டும் என்று நெப்ராஸ்காவிலுள்ள நீதிமன்றம் முன்பே ஆணையிட்டிருந்தது. அணைகளை நடத்தும் ராணுவப் பொறியாளர் படை பாவம், இரண்டுக்கும் நடுவே விழித்தது. கடைசியில் ஆகஸ்டில் சில நாட்கள் மட்டும் நீர் குறைந்தது. முன்னதாக 1990-களில் இப்படையினர் மூழ்கவிருந்த முட்டைகளை எடுத்துவந்து, பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து விட்டதும் உண்டு. நல்லெண்ணம்தான். ஆனால், கரையே இல்லாதபோது வளர்ந்த குஞ்சு மறு ஆண்டு எங்கே போய் முட்டையிடும்?

இதில் நாங்கள் எதிர்பாராத செய்தி ஒன்றும் உண்டு. ஏரி என்றும் தாழ்ந்தே இருந்தாலும் பறவைக்கு நன்மை இல்லை. சில ஆண்டுகளில் அந்த வெறுங்கரையிலும் புல் முளைத்துவிடும். நீர் ஒருமுறை உயர ஏறிப் புல்லை அழுக வைத்து, பிறகு இறங்கினால்தான் கரை மீண்டும் வெறுமையாகும். ஓர் ஆண்டின் முட்டைகளை அழிக்கும் அதே வெள்ளம், வருகிற ஆண்டுகளுக்குக் கூடு வைக்கும் இடத்தைத் தயார் செய்கிறது. 2011-இல் பனியும் மழையும் மிகுந்து, காரிசன் அணையின் உபரிநீர் மதகுகளை அதன் வரலாற்றில் முதல் முறையாகத் திறந்தார்கள். கீழே வீடுகள் பல நீரில் மூழ்கின. அவ்வாண்டுக் கூடுகளும் போயின. வெள்ளம் வடிந்தபோதோ, ஆற்று நடுவே பல்லாண்டுகளாகக் காணாத அளவில் புது மணல் திட்டுகள் எழுந்து நின்றன. அடுத்து வந்த கோடைகளில் பறவைகள் அங்கே பெருகின. இப்போது அந்தத் திட்டுகளையும் ஆறு சிறிது சிறிதாக அரித்து வருகிறது. எஞ்சியவற்றில் புல் ஏறிவிட்டது.