கைத்தட்டல் ஓய்ந்த மறுநாள்

நவராத்திரி வந்துவிட்டால் சிராங்கூன் சாலைக் கோயில்களில் மாலைதோறும் சலங்கை ஒலி கேட்கும். நவம்பரில் எஸ்பிளனேடில் கலா உற்சவம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நாடகங்கள். இந்த மேடைகளில் நாம் பார்க்கும் உள்ளூர்க் கலைஞர்களில் பலர், பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் ஒத்திகைக்கு ஓடுகிறவர்கள்.

வானொலி நேர்காணலுக்கு வரும் கலைஞர்களிடம் நான் கவனித்த ஒன்று உண்டு. ஒலிவாங்கிக்கு முன், “எல்லாம் ரசிகர்களின் ஆதரவு” என்பார்கள். ஒலிப்பதிவு முடிந்து சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான், “நிகழ்ச்சிக்கு முன்னாடி ரெண்டு நாள் தூங்கவே இல்லைங்க” என்று மெல்லச் சொல்வார்கள்.

மேடை பயம் புதியவர்களுக்கு மட்டும் வருவதில்லை. ஆங்கில நாடக உலகின் மாமன்னர் லாரன்ஸ் ஒலிவியே, 1960களில் புகழின் உச்சியில் இருந்தபோது பல ஆண்டுகள் அந்தப் பயத்துடன் போராடினார். செல்லோ இசைமேதை பாப்லோ கசால்சை அது வாழ்நாள் முழுதும் விடவில்லை.

பயம் வந்ததும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் படபடக்கிறது, வாய் உலர்கிறது, விரல் நடுங்குகிறது. வயலின் வில்லைப் பிடித்த கைக்கு இந்தச் சிறு நடுக்கமே பெரிய ஆபத்து. 1987ல் அமெரிக்க சிம்பொனி இசைக்குழுக்களில் 2,212 பேரிடம் நடத்திய ஆய்வில், 27 விழுக்காட்டினர் நடுக்கத்தை அடக்கும் ‘பீட்டா பிளாக்கர்’ மாத்திரை எடுத்ததாகக் கூறினர். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தாகக்கூடிய மாத்திரை அது. மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இங்கேதான் உளவியல் நிபுணர் வருகிறார். முதலில் ஒருவர் முன், பிறகு ஐவர் முன், பிறகு சிறு அரங்கில் என்று படிப்படியாகப் பயத்தைச் சந்திக்க வைப்பது ஒரு முறை. ‘தாளம் தப்பினால் என் வாழ்க்கையே போச்சு’ என்ற எண்ணத்தை எடுத்து, அது உண்மைதானா என்று கேட்க வைப்பது இன்னொரு முறை. படபடப்பின் பெயரை மாற்றுவதும் உதவும். 2014ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்றில் சிலரை கரவோக்கே பாட வைத்தார்கள். பாடுவதற்கு முன் ‘பதற்றமாக இருக்கிறது’ என்று சொன்னவர்களைவிட, ‘உற்சாகமாக இருக்கிறது’ என்று சொன்னவர்கள் நன்றாகப் பாடினார்கள்.

ஆனால், மேடை பயம் பாதிக் கதைதான். பிரிட்டனில் 2016ல் 2,211 இசைத்துறையினரிடம் நடத்திய ஆய்வில், 71 விழுக்காட்டினர் பதற்றத்தாலோ திடீர் பீதியாலோ அவதிப்பட்டதாகக் கூறினர். 68 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மனச்சோர்வைக் குறிப்பிட்டனர். ஆய்வாளர்கள் கண்டது இதுதான்: இசை அவர்களுக்கு ஆறுதல் தருகிறது, நிலையற்ற வருமானமும், ஓயாத ஒப்பீடும், ஓய்வற்ற நேரமும்தான் நோகடிக்கின்றன.

கலைஞர்களைப் புரிந்த நிபுணர் ஏன் தேவை என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. “கொஞ்ச நாள் ஆட்டத்தை நிறுத்துங்கள்” என்று சொல்வது எளிது. ஐந்து வயதிலிருந்து ஆடுகிறவருக்கு அது ஓய்வாக இருக்காது, இழப்பாகவே இருக்கும். 2020ல் கொவிட்-19 காலத்தில் மேடைகள் மூடப்பட்டபோது, வருமானத்துடன் ‘நான் யார்’ என்ற அடையாளமும் ஆட்டம் கண்டதை நம் கலைஞர்கள் அறிவார்கள். பிரிட்டனில் 1984 முதலே கலைஞர்களுக்கென்று தனி மருத்துவ அமைப்பு இயங்குகிறது. அமெரிக்காவில் 1989ல் அத்தகைய சங்கம் தோன்றியது.

சிங்கப்பூரில் நமக்குக் கூடுதலாக ஒரு சிக்கல், நம் வட்டம் சிறியது. ஆசிரியர், ரசிகர், ஏற்பாட்டாளர், உறவினர் எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்று தயங்குபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம். ஆலோசனை அறையில் பேசுவதை ரகசியமாகக் காப்பது நிபுணரின் தொழில்நெறி. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டுமே விதிவிலக்கு. நிபுணரின் தகுதியைச் சரிபார்க்க, சிங்கப்பூர் உளவியல் சங்கத்தின் பதிவேட்டைப் பார்க்கலாம். 2016ல் எடுத்த தேசிய மனநல ஆய்வின்படி, இங்கு ஏழு பேரில் ஒருவர் வாழ்வில் ஒருமுறையாவது மனநலப் பாதிப்புக்கு உள்ளாகிறார். அவர்களில் பெரும்பாலோர் உதவி நாடுவதில்லை.

பார்வையாளர்களான நமக்கும் இதில் பங்கு உண்டு. நிகழ்ச்சி முடிந்து அரங்க வாசலில், “போன வருஷம் இன்னும் நல்லா இருந்துச்சே, கொஞ்சம் வெயிட் போட்ட மாதிரி தெரியுது” என்கிறோம். அவர் அந்த ஒரு வரியை வீட்டுக்குக் கொண்டுபோய், விடியும்வரை புரட்டிக்கொண்டிருப்பார்.

கணுக்கால் சுளுக்கினால் நடனமணிக்கு மாற்று ஆள் தேடுகிறோம், பழச்சாறு வாங்கிக்கொண்டு பார்க்கப் போகிறோம். மனம் முடியவில்லை என்று அவர் சொன்னால், “டிக்கெட் எல்லாம் வித்தாச்சே, ஒரு நாள் சமாளிச்சுடுமா” என்கிறோம். அடுத்த தயாரிப்புக்குத் திட்டமிடும் குழுக்கள், ஒத்திகை அட்டவணையுடன் மாற்று ஆளின் பெயரையும் ஓய்வு நாளையும் இப்போதே எழுதிவைக்கட்டும்.

உதவிக்கு: தேசிய மனநல உதவி எண் 1771, மனநலக் கழகம் 6389 2222, சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் 1767. மூன்றும் 24 மணி நேரமும் செயல்படுகின்றன.