காற்றும் கட்டடமும்: கொழுந்து மாடியும் மாநகர் அலுவலகமும்

நமுனுகுல மலைச்சரிவுத் தோட்டங்களிற் பெருங்கட்டடம் தேயிலைத் தொழிற்சாலையே. அதன் மேல்மாடிகளில் இருமருங்கும் வரிசை வரிசையாகச் சாளரங்கள். பறித்த கொழுந்தை மெல்லிதாகப் பரப்பி ஈரம் போக்கும் ‘வாட்டுதல்’ இம்மாடிகளில் நிகழ்ந்தது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட காற்றுக்குச் சாளரங்களைத் திறந்துவிட்டாற் போதும்; மழை நாட்களில் உலர்த்தியின் வெப்பக் காற்றை விசிறிகளால் மேலிழுத்தனர். எரிபொருட் சிக்கனமான கட்டட அமைப்பென இன்று மாநகர் அலுவலகங்கள் குறித்துப் பேசப்படுவதன் அடிப்படைகள் பல இங்கே முன்னரே உள்ளன.

அதே தோட்டத்தில் லயமும் உண்டு. 10 அடிக்கு 12 அடி அறை, தகரக் கூரை. முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயங்களிலோ காற்று ஊடறுத்துச் செல்ல வழியே இல்லை. காற்றோட்டம் பற்றிய அறிவு தோட்டத்துரைமாரிடம் இல்லாமற் போகவில்லை. அவ்வறிவு கொழுந்துக்கு வழங்கப்பட்டது; கொழுந்து பறித்தவருக்கு மறுக்கப்பட்டது. கட்டடக்கலை உற்பத்தி உறவுகளுக்குப் புறம்பான தூய நுட்பமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

கொழும்புக்கு வருவோம். அரச ஈட்டு வங்கிக்கென ஜெப்ரி பாவா வடிவமைத்து 1976–78 இல் எழுந்த 12 மாடிக் கட்டடம் பின்னர் மகாவலி அலுவலகமாயிற்று. காற்றின் திசையறிந்து நிறுத்தப்பட்டது அது. ஒடுங்கிய தளங்கள், வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் சாளர அமைப்பு. பாவாவின் மேதைமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் நிலவிய காலத்தில் அது திட்டமிடப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1977 இன் திறந்த பொருளாதாரத்தின் பின்னர் கண்ணாடி போர்த்த கோபுரங்கள் பெருகின. திறக்கவியலாத கண்ணாடியூடே வெயில் புகும். புகுந்த வெப்பத்தை மின்சாரம் கொண்டு வெளியேற்ற வேண்டும். ‘நவீனம்’ என்பது இதற்கு இடப்பட்ட பெயர்!

இன்று ‘லீட்’ முதலான பசுமைத் தரச் சான்றிதழ்கள் மின்சாரம், நீர், கட்டடப் பொருள் ஆகியவற்றை அளவிடுகின்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், கட்டடத்துள் எவ்வளவு மின்சாரம் மீந்தது என்று கணக்கிடுவோர், அது எவர் வாழ்நிலத்தைக் கடந்து வந்தது என்று கேட்பதில்லை. மலையகத்தின் லக்சபான நீர்மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கிற்று. அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் எண்ணற்ற லயங்களில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கே.