சர்வர் இடம் மாறும்போது உங்கள் விண்ணப்பம் என்ன ஆகும்? விர்ச்சுவல் மெஷினுக்குள் நடப்பது இதுதான்!

விருதுநகர் மாவட்டம் எம்.ரெட்டியபட்டி போன்ற மானாவாரி ஊர்களில் மக்காச்சோளம், பருத்தி போட்டவர்களுக்குப் பயிர்க் காப்பீட்டின் கடைசி நாள் ரொம்ப முக்கியம். பொது சேவை மையத்தில் பிரீமியம் கட்டியதும் திரையில் வட்டம் சுத்த ஆரம்பிக்கும். "தம்பி, பணம் போயிருச்சா?" "இருங்கய்யா, சுத்திக்கிட்டே இருக்கு." பதிவு ஆகாமல் நாள் முடிந்துவிட்டால், மழை பொய்த்தாலும் இழப்பீடு கேட்க முடியாது.

அந்த நேரத்தில், எங்கோ ஒரு தரவு மையத்தில் சர்வர் இடம் மாறிக்கொண்டுகூட இருக்கலாம். அது எப்படி?

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் பிரிக்கப்பட்ட பல கம்ப்யூட்டர்கள்தான் விர்ச்சுவல் மெஷின்கள். 'மேகராஜ்' திட்டத்தில் தேசிய தகவலியல் மையம் 2014-ல் தொடங்கிய தேசிய கிளவுட் போன்றவை இந்த முறையில்தான் இயங்குகின்றன. இதில் நெட்வொர்க் கார்டும் நிஜமானது இல்லை. அதை இயக்குவது டிரைவர் என்ற சிறு மென்பொருள். லினக்ஸில் பரவலாக இருப்பது 'விர்ட்டியோ-நெட்'. விர்ட்டியோவை உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவின் ரஸ்டி ரஸ்ஸல்.

லிங்க் போனால் என்ன செய்யும்?

நிஜக் கார்டில் கேபிளைப் பிடுங்கினால் விளக்கு அணைந்துவிடும். இங்கே கேபிளே கிடையாது. அதனால் மெயின் கம்ப்யூட்டர் ஒரு நிலைக்குறியை மாற்றிவிட்டு, டிரைவருக்குத் தகவல் அனுப்பும். டிரைவர் அதைப் படித்து, 'லிங்க் இல்லை' என்று இயங்குதளத்திடம் சொல்லும். சொல்லாவிட்டால் போக வழியில்லாத தரவு தேங்கிக்கொண்டே இருக்கும்.

சர்வரே இடம் மாறினால்?

பராமரிப்புக்காக, ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை அப்படியே வேறு கம்ப்யூட்டருக்கு நகர்த்துவார்கள். இதுதான் 'லைவ் மைக்ரேஷன்'. 2005-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், ஆள்கள் விளையாடிக்கொண்டிருந்த கேம் சர்வரையே வெறும் 60 மில்லி விநாடி தடங்கலில் நகர்த்திக் காட்டினார்கள்.

ஆனால் முகவரி அதேதான்; இடம் மட்டும்தான் வேறு. நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கு இது தெரியாது. பழைய பக்கமே தரவை அனுப்பிக்கொண்டிருக்கும். பல ஸ்விட்ச்சுகள் பழைய தகவலை மறக்க 300 விநாடி, அதாவது 5 நிமிடம் எடுக்கும். அதற்குள் விண்ணப்பம் பாதியில் நின்றுபோகலாம்.

வீடு மாறியவர் தபால்காரரிடம் சொல்லிவிடுவதுபோல, இங்கே டிரைவர் முந்திக்கொள்கிறது. 'அறிவிப்பு செய்' என்ற குறியைப் பார்த்ததும், 'இந்த முகவரி இனிமேல் இந்தப் பக்கம்' என்ற செய்தி நெட்வொர்க் முழுக்கப் போக வைக்கிறது. பிறகு, 'சொல்லியாச்சு' என்று மெயின் கம்ப்யூட்டருக்கும் தெரிவிக்கிறது. உள்ளே என்னென்ன ஐபி முகவரிகள் இருக்கின்றன என்பது விர்ச்சுவல் மெஷினுக்குத்தான் சரியாகத் தெரியும். அதனால்தான் இந்தப் பொறுப்பு டிரைவரிடம் இருக்கிறது.

தொலைந்த தரவு என்னாகும்?

பதில் வராத தரவை டிசிபி முறை தானாகவே மறுபடி அனுப்பும். எனவே சில மில்லி விநாடி இடைவெளியால் விண்ணப்பம் தொலையாது. ஆனால் ஊருக்கு வரும் ஃபைபர் கேபிள் அறுந்தால், எந்த டிரைவராலும் ஒண்ணும் செய்ய முடியாது.

வட்டம் சுத்தினால் நீங்கள் செய்ய வேண்டியது?

உடனே இரண்டாவது முறை பணம் கட்ட வேண்டாம். கணக்கில் பணம் பிடிக்கப்பட்டதா, விண்ணப்ப எண் வந்ததா என்று முதலில் பாருங்கள். ரசீது கைக்கு வந்த பிறகே மையத்தை விட்டுக் கிளம்புங்கள்.